கை வைக்காதே

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் மரியாதை. சேவலுக்கும் அந்த மரியாதையைச் செய்துவிடுவோம். வேலையில் சுத்தம். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. கடன் வாங்க மாட்டார், வம்பு பேச மாட்டார். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. மீதி முழுக்கச் சிடுசிடுப்பு.

சேவல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வேலை தேடுகிறவர்கள் வந்து கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதும் ஒரு தேர்வு மையத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பெரிய ஹால், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். நடைபாதையின் கடைசியில் தீப்பெட்டி மாதிரி ஓர் அறை, அதற்குள் சேவல். காலையில் வந்து நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அங்கே ஹாலில் ஆளே இல்லாமல் அத்தனை கம்ப்யூட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும். முதல் தடவை இதைப் பார்த்த ஹால் பொறுப்பாளர், "விடிஞ்சதும் ஒரு கூவல், அதோட அன்னைய வேலை முடிஞ்சுது. சேவல்தான்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் மையம் முழுக்கப் பரவிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூட, "சேவல் சாருக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

சொன்ன வாய் யாருடையது என்பதில்தான் வினை. அந்த ஹால் பொறுப்பாளர் சேவலின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மச்சான்.

சேவலுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மச்சான்தான். பழைய கம்பெனி இழுத்து மூடப்பட்டு, சேவல் வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், தங்கையின் முகத்துக்காக மையத்தை நடத்தும் மேடத்திடம் போய் நின்று பேசியவர். அதை அவர் மறக்கவில்லை. மறக்காததோடு, யாரையும் மறக்கவும் விடவில்லை. "நான் கையைக் காட்டின நாற்காலியில உட்கார்ந்திருக்கார் நம்ம மாப்பிள்ளை" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். சேவலின் காதில் விழுகிற மாதிரிதான் சொல்லுவார். வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், சேவல் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் தட்டுவார்.

மச்சானுக்கு மனைவி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஹாலுக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தகரப்பெட்டி. வேலையும் வீடும் அவருக்கு ஒன்றுதான். ஒன்று போனால் இன்னொன்றும் போய்விடும்.

முன்பெல்லாம் காலையில் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து குனிந்து கம்ப்யூட்டர்களைப் போட்டவர் அவர்தான். சேவல் வந்து உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுப்பியபோது, முட்டிவலி மிச்சம் என்று சந்தோஷம்தான் பட்டார். மேடம் எல்லோருக்கும் முன்னால் சேவலைப் பாராட்டியதும் அந்தச் சந்தோஷம் புளித்துப்போனது. சாயங்காலம் ஹாலைப் பூட்டும்போது, கதவோரம் விளக்கு சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் லைனின் லீவரைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுப் போனார். அது அவருடைய பழைய வழக்கம்தான், சேவல் வந்தபிறகு விட்டிருந்தார். ஆனால் மறுநாள் காலையில் சேவல் பொத்தானை அழுத்தினால் ஹாலில் ஒரு முனகல்கூட இல்லை.

சேவல் ஹாலுக்கு ஓடினார். லீவரைப் பார்த்தார்.

"மச்சான், இதை யாரு அணைச்சது?"

"நான்தான். ராத்திரி முழுக்கக் கரண்ட் எதுக்கு? தீப்பிடிச்சா உங்க கூவல் வந்து தண்ணி ஊத்துமா?"

"அணைச்சு வெச்ச கம்ப்யூட்டர் முழுசாத் தூங்காது, மச்சான். பின்னாடி வயர் சொருகுற இடத்துல சின்னதா ஒரு பச்சை லைட் எரியுதில்ல? அது வரைக்கும் கரண்ட் போயிட்டே இருக்கணும். அப்பதான் நான் கூப்பிட்டாக் காதுல விழும். நீங்க லீவரை இழுத்தாக் காதையே அடைச்சிடுறீங்க. அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எது எந்திரிக்கும்?"

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வயரில் அவர் கூப்பிடும் கூப்பாடு எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் போகும். எதற்கு எந்த அடையாள எண்ணோ, அது தன் எண்ணைக் கேட்டதும் எழுந்துகொள்ளும். காதுக்குக் கரண்ட் இருந்தால் போதும். மச்சானுக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் பிரச்சினை. அதற்கு மறுநாளும் லீவர் கீழே கிடந்தது.

"மறந்துட்டேன் மாப்பிள்ளை. வயசாச்சில்ல" என்றார் மச்சான், மீசைக்குள் சிரித்துக்கொண்டே.

இங்கே சேவலின் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மையத்தில் எல்லாவற்றையும் எழுப்புகிற இந்த மனிதர், வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கிறவர். ஓர் அறையிலிருந்து யாராவது எழுந்து போனால் போதும், பின்னாலேயே போய் டக். மனைவி அடுப்படியிலிருந்து உப்பெடுக்கத் திரும்பினால் விளக்கு டக். மகள் பாத்ரூமுக்குள் இருக்கும்போதே வெளியிலிருந்து டக். "அப்பா! உள்ள நான் இருக்கேன்!" என்று அலறல் கேட்டால் மறுபடியும் டக், மன்னிப்பு கிடையாது. போனில் பேசிக்கொண்டே அணைப்பார், சண்டை போட்டுக்கொண்டே அணைப்பார். கை தன்பாட்டுக்குப் போய்விடும், தலைக்குச் செய்தி சொல்லாது. "வெளியில போய்க் கூவிட்டு, வீட்டுக்கு வந்து கூண்டை மூடுறார்" என்று மனைவி சொல்லுவாள். நாக்கில் அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு.

லீவர் சண்டை முற்றிப்போய், ஒருநாள் சேவல் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து லீவருக்கு மேலே ஒட்டினார். இரண்டே வார்த்தை. கை வைக்காதே.

மச்சான் வந்தார். படித்தார். மறுபடியும் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நடைபாதையைப் பெருக்குகிற அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"மாப்பிள்ளை, இது யாருக்கு எழுதினது?"

"யாரு அணைக்கிறாங்களோ அவங்களுக்கு."

"இந்த ஹால்ல அதை அணைக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். அப்ப இந்த 'தே' எனக்குத்தான். வைக்காதே! உன் பொண்டாட்டிக்கு அண்ணன்யா நான். உன் வீட்டு வாசல்ல வந்து நின்னா எந்திரிச்சு 'வாங்க'ன்னு சொல்லணும். எனக்கு 'தே'யா?"

பொது அறிவிப்பு என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார் சேவல். பொது அறிவிப்பில் 'வைக்காதீர்கள்' என்று எழுதுகிறவர்களுக்கு மை தீர்ந்துவிடுமா என்று கேட்டார் மச்சான். சேவல் காகிதத்தின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினார். உண்மையில் அந்த 'தே'யை அச்சடிக்கும்போது அவருக்கு ஒரு சின்ன ருசி இருக்கத்தான் செய்தது.

மச்சான் வலது கையை உயர்த்தினார். "இதோ, இந்த அம்மா சாட்சி. இனிமே இந்த லீவரை நான் தொட்டேன்னா இந்தக் கை அழுகிப்போகட்டும். தொடுறது என்ன, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

அதன்பிறகு ஹால் தினமும் தவறாமல் விழித்தது. மச்சான் கதவோரம் போகும்போதெல்லாம் கழுத்துச் சுளுக்கியவர் மாதிரி எதிர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெருக்குகிற அம்மா வழியாகத்தான். "அவர்கிட்டச் சொல்லுங்க, மூணாவது வரிசையில மௌஸ் வேலை செய்யலைன்னு." பக்கத்தில் நின்றுகொண்டே சொல்வார்கள். அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மையத்துக்குப் பெரிய பரீட்சைகளை நடத்தும் அனுமதி கிடைக்குமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். ஆய்வாளர் கண் முன்னால் ஹால் முழுவதும் ஒரே அழுத்தலில் எழுந்திருக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். "ஏதாவது சொதப்பினா, சொதப்பினவங்க யாரா இருந்தாலும் அன்னைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்றும் சொன்னார். மேடம் சொன்னால் செய்கிறவர்.

ஆய்வுக்கு முந்தைய சாயங்காலம் சேவல் மச்சான் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"ஹால் சாவியைக் குடுங்க. இன்னைக்கு நான் பூட்டிக்கிறேன்."

"ஏன்? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை."

மச்சான் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வீசினார். "கூட்டுறதுக்கு வெச்சிருக்குற இன்னொரு சாவி என்கிட்ட இருக்கும். காலையில ஹாலை நான்தானே கூட்டிக் கதவைத் திறந்துவிடணும். அதையும் வேணும்னா பிடுங்கிக்கிட்டுப் போங்க."

சேவல் அதைப் பிடுங்கவில்லை. ஆனால் ஹாலுக்குள் போய்ப் பின்பக்கமாக ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பச்சை விளக்கையும் குனிந்து பார்த்தபோது, வாய்க்குள் ஒரு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி வாங்கிக் கொடுத்தாராம். நாற்காலிதானே வாங்கிக் கொடுத்தார், படிப்பையுமா வாங்கிக் கொடுத்தார்? இருக்கட்டும், நாளைக்கு அந்த ஹால் எந்திரிக்கும்போது அவர் மூஞ்சியைப் பார்க்கணும். மச்சான் தரப்பு வாதத்தையும் தானே பேசி, தானே அதை முறியடித்து, ஜெயித்த திருப்தியோடு விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் எதுவுமே ஒட்டாது. மேடம் அவரைச் சேவலின் அறைக்கு அழைத்துவந்தார். பரீட்சை எழுத வந்தவர்கள் நடைபாதையில் காத்திருந்தார்கள். சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொன்னார், பொத்தானை அழுத்தினார்.

திரையில் கம்ப்யூட்டருக்கு ஒன்றாக இருந்த கட்டங்களில் ஒன்றுகூடப் பச்சையாகவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் சேவலைப் பார்த்தார்.

சேவல் ஹாலுக்கு ஓட, எல்லோரும் பின்னால் வந்தார்கள். 'கை வைக்காதே' என்ற காகிதத்துக்குக் கீழே லீவர் கீழ்நோக்கிக் கிடந்தது.

அந்த நிமிஷம் சேவலுக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்கிற சந்தோஷம்.

"நீதான்!" என்று கத்தினார். "நீதான்யா பண்ணினே! நான் ஜெயிச்சிடக் கூடாதுன்னு என் வயித்துல அடிச்சிட்டேல்ல?"

மச்சான் விளக்குமாற்றோடு நின்றிருந்தார். அத்தனை பேர் நடுவில் 'நீ' என்று கேட்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டார். பிறகு, "நான் தொடலை" என்றார்.

"பூட்டினது நான். சாவி என்கிட்ட. இன்னொரு சாவி உன்கிட்ட. காலையில உள்ள போனது நீ. வேற யாரு தொட்டது, பேயா?"

"காலையில கூட்டும்போது லீவர் எப்படி இருந்தது?" என்று மேடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் நான் பார்க்கிறதில்லை மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

நடைபாதையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. லீவரை மேலே தள்ளி, சேவல் ஓடிப்போய் மறுபடியும் பொத்தானை அழுத்த, ஹால் அழகாக விழித்தது. பரீட்சை தாமதமாகத் தொடங்கியது. ஆய்வாளர் அனுமதியைப் பற்றி எதுவும் சொல்லாமல் கிளம்பினார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. மேடம் மச்சானைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மச்சான் கெஞ்சவில்லை. "நான் தொடலை" என்று இன்னொரு தடவை சொன்னார், அவ்வளவுதான். சேவல் தன் அறையிலிருந்தபடியே, தகரப்பெட்டி நடைபாதையில் இழுபடும் சத்தத்தைக் கேட்டார். போய்த் தொலையட்டும் என்று நினைத்தார். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

சாயங்காலம் ஹாலைப் பூட்ட ஆள் இல்லை. சேவல்தான் போனார். பச்சை விளக்குகளை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்ற யோசனை. உன் அண்ணன் செஞ்ச வேலைக்கு நான் என்ன பண்ண முடியும்? தப்பு பண்ணினவரு அனுபவிக்கணும். நீ அவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே. யோசித்துக்கொண்டே விளக்குகளை அணைத்தார். டக், டக், டக். கடைசியாகக் கனமாக ஒரு டக்.

பின்னால் இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் போய்விட்டன.

சேவல் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை லீவரின் மேல் இருந்தது.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோன்றவில்லை. வேறு யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லீவரை மேலே தள்ளினார். பச்சை விளக்குகள் ஒன்றொன்றாக வந்தன. நடைபாதையில் யாராவது பார்த்தார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக அவரை மன்னிப்பது கஷ்டம். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம், சொன்னால் நான் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு தகரப்பெட்டி கிடந்தது. உள்ளே ஃபேனுக்கு நேர் கீழே மச்சான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போக வேறு எந்த இடம் இருக்கிறது?

"வாங்க" என்று சொல்ல சேவலுக்கு வாய் வரவில்லை. மச்சானும் எதிர்பார்க்கவில்லை. மனைவி இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டாள். தட்டு வைத்த சத்தத்தில் மகள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

"அண்ணன் தொடலைன்னு சொல்றார்" என்றாள் மனைவி.

"சொல்லுவார்."

"அவர் சத்தியம் பண்ணினா மீற மாட்டார். சின்ன வயசுல ஒருநாள், இனிமே என்கூடப் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, ஒரு வருஷம் சுவரைப் பார்த்துதான் பேசினார்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உங்க குடும்பத்துல எல்லாருக்கும் திமிரு. பண்ணின தப்பை ஒத்துக்க ஒருத்தருக்கும் வராது. இந்த மாதிரி ஆளுக்காக நீ வக்காலத்து வாங்கிட்டு..."

மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். சேவலும் எழுந்தார், குரல் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "நாலு பேருக்கு நடுவுல என் மானம் போச்சு, அது உனக்குப் பெரிசாத் தெரியலை..." என்று பேசிக்கொண்டே சுவரோரம் போய், மச்சான் விட்டுப்போன ஃபேனை அணைத்தார். டக்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பார்வை அவருடைய முகத்தில் இல்லை, கையில் இருந்தது.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

"நேத்து ஹாலைப் பூட்டினது யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான். ஏன்?"

"விளக்கை அணைச்சீங்களா?"

"அணைக்காம?"

"லீவர் எங்க இருக்கு?"

சேவல் தன் கையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இருபது வருஷமாக இருட்டில் உப்பைத் தேடியவளிடம் இந்தக் கையைப் பற்றி என்ன பொய் சொல்வது?

மச்சான் ஈரக் கையோடு வாசல்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

மனைவி சேவலின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மேடத்துக்குப் போடுங்க."

"வேலை போயிடும்டி."

"அவருக்கு இன்னைக்குப் போச்சே, அது வேலை இல்லையா? வீடும் சேர்ந்து போச்சே!" அவள் குரல் உடைந்தது. "போடுங்கன்னு சொல்றேன்ல!"

சேவல் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நம்பிக்கை வரத் தொடங்கிய நேரத்தில் மேடம் எடுத்துவிட்டார்.

"மேடம்... லீவரை அணைச்சது மச்சான் இல்லை. நான்தான். தெரிஞ்சு பண்ணலை. கை பண்ணிடுச்சு." அந்தப் பக்கத்தில் மேடம் என்னென்னவோ சொன்னார். அதில் ஒன்றும் பாராட்டு இல்லை என்பது சேவலின் காது சிவந்ததிலிருந்து தெரிந்தது. கடைசியாக, "சரி மேடம். நாளைக்குக் காலையில அவரையும் கூட்டிட்டு வர்றேன்... சரி, சாவியை அவர்கிட்டயே குடுத்துடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

சட்டைப்பையிலிருந்து ஹால் சாவியை எடுத்தார். மச்சான் கை நீட்டவில்லை. சேவல் அதைத் தகரப்பெட்டியின் மேல் வைத்தார்.

"மச்சான்," என்றார். "நீங்க தொடலை."

மச்சான் சாவியைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் என்று சொல்ல ஒரு துளி இல்லை.

"நாளைக்கு அந்த ஹால்ல, அத்தனை பேருக்கு நடுவுல நின்னு இதையே சொல்லுங்க. என்னை 'நீ'ன்னு கூப்பிட்ட அதே இடத்துல. அதுக்கப்புறம்தான் சாவியை எடுப்பேன்" என்றார். மிச்சச் சாப்பாட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேனைப் போடுங்க மாப்பிள்ளை. புழுங்குது."

சேவல் போய்ப் போட்டார்.